‘அப்பாவைக் கூட்டிட்டு வா’ என்று சொன்ன மறுநாள்

பள்ளியை விட்டு நின்றுவிடும் நிலையில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றி ஆசிரியர்களும் பெற்றோரும் அனுப்பிய கேள்விகளுக்கு, பள்ளி ஆலோசனைப் பணியில் இருப்பவர்கள் இந்த இதழில் பதில் சொல்கிறார்கள். கேட்டவர்களின் பெயர்களை வெளியிடவில்லை.

*

என் ஒன்பதாம் வகுப்பில் 43 பேர். ஏழெட்டுப் பேர் விட்டு விட்டு வருகிறார்கள். இவர்களில் யார் சும்மா மட்டம் போடுகிறார், யார் ஒரேயடியாக நின்றுவிடப் போகிறார் என்று முன்பே தெரிந்துகொள்ள வழி உண்டா?
– வகுப்பாசிரியர், அரசு உயர்நிலைப் பள்ளி, தருமபுரி மாவட்டம்

உண்டு. வருகைப் பதிவேட்டிலேயே பாதி விடை இருக்கிறது. ஆனால் மாதக் கடைசியில் போடும் கூட்டுத்தொகையைப் பார்த்தால் அது தெரியாது. எந்தெந்த நாளில் வரவில்லை என்று பாருங்கள்.

காய்ச்சலில் ஒரே மூச்சாக ஆறு நாள் வராத பையனைவிட, இரண்டு மாதமாகத் திங்கள்கிழமை மட்டும் வராத பையன் ஆபத்தில் இருக்கிறான். திங்கள் விடுப்பு என்றால் பெரும்பாலும் சனி, ஞாயிறு வேலைக்குப் போனது மூன்றாம் நாளுக்கும் நீண்டிருக்கும். இல்லையென்றால் ஞாயிறு இரவு வீட்டில் குடியும் சண்டையும் நடந்திருக்கும். சாப்பாட்டு மணிக்குப் பிறகு காணாமல் போகிறவனுக்கு மதியத்துக்கு மேல் எங்கோ வேலை இருக்கிறது, அல்லது பிற்பகல் பாடவேளை ஒன்றைக் கண்டு பயம். வாரத்தில் ஒரே கிழமையில் வராதவனுக்கு அந்தக் கிழமையின் கால அட்டவணையை எடுத்துப் பாருங்கள். எந்த ஆசிரியரின் சிறுதேர்வு அன்று என்று தெரிந்துவிடும். மாதம் மூன்று நான்கு நாள் சேர்ந்தாற்போல் வராத மாணவியிடம் காரணம் கேட்பதற்கு முன், பெண்கள் கழிப்பறையில் தண்ணீர் வருகிறதா, தாழ்ப்பாள் இருக்கிறதா என்று ஓர் ஆசிரியை போய்ப் பார்க்கட்டும். காலாண்டு விடுமுறை முடிந்து ஒரு வாரம் கழித்து வருகிறவன் வேலை ஒன்றை ருசி பார்த்துவிட்டு வந்திருக்கிறான்.

பொதுவான எல்லைக்கோடு பத்து சதவீதம். பள்ளி 220 நாள் நடந்தால் 22 நாள், அதாவது மாதத்துக்கு இரண்டு மூன்று நாள். காரணம் நியாயமானதாகவே இருந்தாலும் இதைத் தாண்டினால் பாடம் கைவிட்டுப் போகிறது. அமெரிக்காவில் பிலடெல்பியா நகர மாணவர்களை ஆறாம் வகுப்பிலிருந்து பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிற்காலத்தில் நின்றுவிடுகிறவர்களைக் காட்டிக்கொடுப்பவை என்று வருகை, நடத்தை, முக்கியப் பாடத்தில் தோல்வி ஆகிய மூன்றைத்தான் சொன்னார்கள். நம் ஊருக்கு இன்னும் மூன்றைச் சேர்க்கலாம்: வகுப்புக்கு மீறிய வயது, ஏற்கெனவே படிப்பை நிறுத்திய அண்ணனோ அக்காவோ, ஒன்பதாம் வகுப்பில்தான் இந்தப் பள்ளிக்கு வந்தது. கடைசியாகச் சொன்னது லேசுப்பட்டதல்ல. நடுநிலைப் பள்ளி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்திருக்கும், உயர்நிலைப் பள்ளிக்குப் பேருந்து ஏற வேண்டும். எட்டு வரை தேர்ச்சி தானாக வந்தது, ஒன்பதில்தான் முதன்முறையாகத் தோல்வி என்ற சொல்லைக் கேட்கிறான்.

ஒரு நோட்டில் 43 பெயரையும் எழுதி, எதிரே இந்த ஆறு கட்டங்களைப் போட்டு, பொருந்துகிற இடத்தில் புள்ளி வையுங்கள். ஒரு மணி நேர வேலைதான். மூன்று புள்ளி விழுந்தவரிடம் இந்த வாரமே பேச வேண்டும். இரண்டு விழுந்தவரை மாதம் ஒருமுறை மறுபடி பாருங்கள். இதில் வழக்கமாக நடக்கும் பிழை, சேட்டைக்காரப் பையன்களின் பெயரை முதலில் எழுதிவிட்டு மீதியை நிரப்புவது. ஒழுங்காக விடுப்புக் கடிதம் கொடுத்துவிட்டு, யாருக்கும் தொந்தரவு தராமல், தை மாதம் திடீரென்று இல்லாமல் போகிற பெண் அந்தப் பட்டியலில் வரவே மாட்டாள்.

இன்னொன்று. மூன்று நாள் வராதவனிடம் “நாளைக்கு அப்பாவைக் கூட்டிட்டு வந்தாத்தான் கிளாஸுக்குள்ள விடுவேன்” என்பது நம் பள்ளிகளில் எழுதாத சட்டம். அப்பா வந்தால் ஒரு நாள் கூலி போகும். அப்பா குடித்துவிட்டு வருவார் என்ற கூச்சம் இருக்கலாம். அப்பாவே இல்லாமலும் இருக்கலாம். பையன் வீட்டில் சொல்லாமலே மறுநாளும் வரமாட்டான், அதற்கடுத்த நாள் வருவது இன்னும் கஷ்டமாகிவிடும். முடி வெட்டிக்கொண்டு வா என்று வாசலில் திருப்பி அனுப்புவதும், ஒன்பதரைக்கு கேட்டைப் பூட்டுவதும் இதே வேலையைத்தான் செய்கின்றன. ஊருக்கு ஒரே பேருந்து, அது எட்டே முக்காலுக்கு வராவிட்டால் பையன் என்ன செய்வான்? உள்ளே விட்டுவிட்டு அப்புறம் விசாரியுங்கள். பேருந்து நேரம் நிஜமாகவே ஒத்துவரவில்லை என்றால், எத்தனை மாணவர் எந்த நிறுத்தத்தில் ஏறுகிறார்கள் என்ற கணக்கோடு தலைமையாசிரியர் போக்குவரத்துக் கழகக் கிளை மேலாளருக்குக் கடிதம் எழுதலாம். வெறும் கோரிக்கையைவிட எண்ணிக்கை போட்ட கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

*

பையனை உட்கார வைத்துப் பேசினால் ‘ஒண்ணுமில்ல சார்’ என்பதைத் தவிர வேறு பதிலே வருவதில்லை. எப்படித்தான் பேசுவது?
– பட்டதாரி ஆசிரியர், விழுப்புரம்

எங்கே உட்கார வைத்தீர்கள் என்று முதலில் கேட்க வேண்டும். ஆசிரியர் ஓய்வறை என்றால் அங்கே நாலு பேர் காது இருக்கும். தலைமையாசிரியர் அறைக்கு எதிரே என்றால் அவன் குற்றவாளி. நூலகத்தின் ஒரு மூலை, மரத்தடித் திண்ணை, ஆய்வகத்தின் கடைசி பெஞ்சு எதுவானாலும் சரி, பார்வையில் படவேண்டும், காதில் விழக்கூடாது. கதவைச் சாத்திக்கொண்டு தனியே பேசாதீர்கள், மாணவிகளிடம் கண்டிப்பாகக் கூடாது. நேருக்கு நேர் உட்காராமல் சற்றுப் பக்கவாட்டில் உட்காருங்கள். இருபத்தைந்து நிமிடம் போதும். விளையாட்டுப் பாடவேளையில் கூப்பிடாதீர்கள். அவன் பள்ளிக்கு வருவதே அதற்காக இருக்கலாம்.

“ஏன்டா வரல?” என்பதற்கு ‘ஒண்ணுமில்ல’ என்பதுதான் பதில். ‘ஏன்’ என்ற கேள்வியே தற்காப்புக்குத் தள்ளிவிடும். அதற்குப் பதிலாக நடந்ததைக் கேளுங்கள்: “தம்பி, போன திங்கக்கிழமை காலையில எத்தனை மணிக்கு எழுந்த? அப்புறம் என்ன நடந்துச்சு?” எழுந்தது, தண்ணீர் பிடித்தது, தங்கச்சியைக் கிளப்பியது, அம்மா களைவெட்டப் போனது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே வருவான். எந்த இடத்தில் பேச்சு தடுக்குகிறதோ அங்கேதான் விஷயம் இருக்கிறது.

அவன் பேசத் தொடங்குவதற்கு முன்பே ஒரு வாக்கைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்: “நீ சொல்றதை நான் யார்கிட்டயும் சொல்ல மாட்டேன். ஆனா உன் உயிருக்கு ஆபத்துன்னாலோ, யாராவது உன்னைத் தப்பா தொட்டாங்க, அடிச்சாங்கன்னாலோ நான் சும்மா இருக்க முடியாது. அப்ப யார்கிட்ட சொல்லப் போறேன்னு உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்லுவேன்.” இது மரியாதைக்காக மட்டுமல்ல. பாலியல் குற்றம் என்று தெரிந்தால் போக்சோ சட்டம், 2012-இன்படி காவல்துறைக்குத் தெரிவிப்பது எல்லோருக்குமே கட்டாயக் கடமை, மறைத்தால் தண்டனை உண்டு. எல்லா ரகசியத்தையும் காப்பேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டு அப்புறம் மீறினால் அந்தப் பிள்ளை எந்தப் பெரியவரையும் இனி நம்பாது.

கடைசிப் பத்து நிமிடத்துக்கு ஒரு கேள்வி. “மறுபடி ஒழுங்கா வர்றதுக்கு உன் மனசுல பத்துக்கு எத்தனை மார்க்?” மூன்று என்பான். ஏன் எட்டு இல்லை என்று கேட்டால் தடைகளைப் பட்டியல் போடுவான். “ஏன் ஒண்ணு இல்லாம மூணு?” என்று கேளுங்கள். கபடி டீம், கணக்கு மிஸ், பிரெண்டு என்று பள்ளிக்கு வரவேண்டிய காரணத்தை அவன் வாயாலேயே சொல்வான். நீங்கள் அரைமணி நேரம் சொல்லும் அறிவுரையைவிட அது நிற்கும். முடிக்கும்போது பெரிய சத்தியம் எதுவும் வாங்காதீர்கள். ‘வியாழன் வரை வா, வியாழன் இண்டர்வெல்ல பார்ப்போம்’ என்பது போதும். அந்த வியாழனை நீங்கள் மறந்துவிட்டால் அவனும் உங்களை மறந்துவிடுவான்.

*

எங்கள் பள்ளியில் இடைநிற்றலைக் குறைக்கப் பேச்சாளர் ஒருவரை வரவழைத்து இரண்டு மணி நேரத் தன்னம்பிக்கை நிகழ்ச்சி நடத்தலாமா?
– பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், சேலம்

நின்றுவிடப் போகிற பிள்ளை அன்றைக்கும் வந்திருக்காது. பந்தலுக்கும் மைக் செட்டுக்கும் ஆகும் பணத்தில் நாலு பேருக்கு வழிகாட்டிப் புத்தகமும் செருப்பும் வாங்கிவிடலாம்.

*

மகன் பத்தாம் வகுப்பில் கணக்கில் 22 மார்க். அறிவியலில் மொத்தம் 37 வந்தும் ஃபெயில் என்று போட்டிருக்கிறார்கள். இனிமேல் புத்தகத்தைத் தொடமாட்டேன் என்று சென்ட்ரிங் வேலைக்குப் போகிறான். தினமும் 500 ரூபாய் கொண்டுவருகிறான். நான் என்ன செய்ய?
– ஒரு தாய், திருநெல்வேலி

அம்மா, முதலில் அந்த 37 மார்க். அறிவியலுக்கு எழுத்துத் தேர்வு 75, செய்முறை 25. மொத்தம் 35 வந்தால் மட்டும் போதாது, எழுத்துத் தேர்வில் தனியாகக் குறைந்தது 20 எடுக்க வேண்டும். உங்கள் மகன் செய்முறையில் 23 வாங்கி எழுத்தில் 14-இல் நின்றிருப்பான். அவனுக்கு வேண்டியது ஆறே மார்க். ஒரு மதிப்பெண் கேள்வி மட்டும் 12 வருகிறது. பாடத்தின் பின்னால் இருக்கும் கேள்விகளைப் புரட்டினாலே அந்த ஆறு வந்துவிடும்.

கணக்கில் 13 மார்க் வேண்டும். தாளில் ஒரு மதிப்பெண் கேள்வி 14, வடிவியல் வரைதலும் வரைபடமும் சேர்ந்து 16 மார்க். வடிவியலில் முக்கோணம் வரைவதும் தொடுகோடு வரைவதும் படிப்படியாகச் செய்கிற கைவேலை. சென்ட்ரிங்கில் மட்டம் பார்த்துப் பலகை அடிக்கிற பையனுக்கு அது வராது என்று யாரும் சொல்ல முடியாது. தினமும் ஒரு வரைதல், ஒரு வரைபடம், பத்து ஒரு மதிப்பெண் கேள்வி என்று ஐந்து வாரம் உட்கார்ந்தால் பாஸ் மார்க்கைத் தாண்டலாம்.

துணைத் தேர்வு கோடையிலேயே வந்துவிடும். முடிவு வந்த சில நாட்களுக்குள் படித்த பள்ளியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். அந்தத் தேதியைத் தவறவிட்டால் கூடுதல் கட்டணத்தோடு தக்கல் முறை ஒன்று இருக்கிறது, அதையும் விட்டால் ஒரு வருடம் போய்விடும். ஒரு வருடம் சம்பாதித்துப் பழகியவனைத் திருப்புவது மிகக் கடினம். துணைத் தேர்வில் தேறினால் அதே ஆண்டில் பிளஸ் ஒன் சேரலாம். சேர்ந்தவனை யாரும் ‘அட்டெம்ப்ட்’ என்று கூப்பிடாமல் பார்த்துக்கொள்வது அந்தப் பள்ளியின் பொறுப்பு.

வேலையை இன்றே நிறுத்து என்று சண்டை பிடிக்காதீர்கள். அந்த 500 ரூபாய் அவனுக்குத் தோற்றவன் அல்ல என்ற நினைப்பைத் தருகிறது. ‘பரீட்சை முடியுற வரைக்கும் ஞாயித்துக்கிழமை மட்டும் போ சாமி’ என்று ஒரு கணக்குக்கு வாருங்கள். பிளஸ் ஒன் வேண்டாம் என்றே சொன்னாலும் ஐ.டி.ஐ. இருக்கிறது. எட்டாம் வகுப்புத் தேர்ச்சியிலேயே வெல்டர், வயர்மேன் போன்ற பிரிவுகள் உண்டு. பத்துத் தேறினால் ஃபிட்டர், எலக்ட்ரீசியன் கிடைக்கும், பத்தோடு இரண்டு வருட ஐ.டி.ஐ. முடித்தவர் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு சேரலாம். அரசு ஐ.டி.ஐ.யில் படிப்புக் கட்டணம் கிடையாது. ஆக, அந்த ஆறு மார்க்கும் பதின்மூன்று மார்க்கும் எந்த வழியாகப் போனாலும் அவனுக்கு உதவும்.

*

இடைநின்ற பிள்ளையின் வீட்டுக்குப் போனால் பெற்றோர் முகம் கொடுத்தே பேசுவதில்லை. ஒரு வீட்டில் ‘முன்பணம் வாங்கிட்டோம், அது கழியுற வரைக்கும் அனுப்ப முடியாது’ என்றார்கள்.
– தலைமையாசிரியை, அரசு நடுநிலைப் பள்ளி, திண்டுக்கல் மாவட்டம்

ஐந்து பேர் கும்பலாக, ஜீப்பில், பகல் பதினொரு மணிக்குப் போனால் அது வீடு பார்த்தல் இல்லை, ரெய்டு. தெருவே எட்டிப் பார்க்கும். அடுத்த முறை கதவு பூட்டியிருக்கும். இரண்டு பேர் போதும். ஒருவர் பிள்ளைக்குப் பிடித்த ஆசிரியர், இன்னொருவர் அந்தத் தெருவிலேயே இருக்கும் பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர், முடிந்தால் ஒரு தாய். மாலை ஆறரைக்கு மேல், சம்பள நாளல்லாத நாளில் போங்கள். பதிவேட்டையும் கையெழுத்து வாங்கும் தாளையும் வெளியே எடுக்காதீர்கள். பிள்ளை செய்த ஒரு நல்ல காரியத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும். அதுவும் நிஜமாக நடந்ததாக இருக்கவேண்டும், பெற்றோருக்குப் பொய் உடனே தெரிந்துவிடும்.

முன்பணம் என்ற சொல் வந்தவுடன் ஆலோசனைப் பேச்சு அங்கே முடிகிறது. எவ்வளவு இனிமையாகப் பேசினாலும் கடன் கழியாது. 14 வயதுக்குட்பட்ட பிள்ளையை எந்த வேலையிலும் வைக்கக்கூடாது என்பது 2016-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் சட்டம். 14 முதல் 18 வரை ஆபத்தான தொழில்களில் கூடாது. முன்பணத்துக்காக ஆளைக் கட்டிவைப்பது 1976-ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டப்படி குற்றம், அந்தச் சட்டத்தின் கீழ் அப்படிப்பட்ட கடனைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதே இல்லை. இதைப் பெற்றோரிடம் மிரட்டலாகச் சொல்லாமல், ‘அம்மா, அந்தக் கடனை நீங்க அடைக்க வேண்டாம்’ என்ற செய்தியாகச் சொல்லுங்கள். புகார் கோட்டாட்சியருக்கோ ஆட்சியருக்கோ போக வேண்டும். குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழைத்தால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுக்குத் தகவல் போகும். புகாரைப் பிள்ளையின் ஆசிரியர் பெயரில் கொடுக்காதீர்கள். அந்த ஆசிரியர் நாளைக்கும் அதே தெருவுக்குப் போகவேண்டும்.

பணமுடைதான் காரணம், முன்பணம் எதுவும் இல்லை என்றால் கையில் ஏதாவது ஒன்றோடு போங்கள். கணவரை இழந்தவர், கைவிடப்பட்டவர், பெற்றோரில் ஒருவர் தீராத நோயில் இருக்கிறவர் போன்ற குடும்பங்களின் பிள்ளைகளுக்கு மிஷன் வாத்சல்யா திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகை உண்டு. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். விண்ணப்பம் அதே பாதுகாப்பு அலகில்தான். பெரும்பாலும் தேங்கி நிற்பது வருமானச் சான்றிதழிலும் பிள்ளையின் வங்கிக் கணக்கிலும். அந்த இரண்டையும் பள்ளியே முன்னின்று எடுத்துக் கொடுத்தால் அந்த வீட்டில் உங்களுக்கு நாற்காலி போடுவார்கள்.

*

பக்கத்து வீட்டுப் பெண் பிளஸ் ஒன் படிக்கிறாள், 16 வயது. மாமன் மகனுக்குப் பேசி முடித்துவிட்டார்கள். என்னிடம் அழுதாள். நான் சொன்னதாகத் தெரிந்தால் உறவே முறிந்துவிடும்.
– வாசகி, கிருஷ்ணகிரி மாவட்டம்

நீங்கள் சொன்னதாகத் தெரிய வேண்டியதில்லை அக்கா. 1098-க்குப் பெயர் சொல்லாமலே தகவல் தரலாம். பெண்ணின் பெயர், பள்ளி, ஊர், திருமணத் தேதி, மண்டபமா கோயிலா என்பது தெரிந்தால் போதும். மாவட்டச் சமூக நல அலுவலர்தான் நம் மாநிலத்தில் குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர். பத்திரிகை அடித்தபின் சொல்வதைவிட இப்போதே சொல்வது நல்லது. பந்தல் போட்டபின் நிறுத்தினால் வீட்டுக்காரர்களின் அவமானம் முழுவதும் அந்தப் பெண்மேல்தான் விழும்.

திருமணம் நின்றபின் வரும் வாரங்கள்தான் பலரும் கவனிக்காமல் விடுகிற இடம். கல்யாணம் நடத்த மாட்டோம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு, அதிகாரிகள் போனபின், வேறு மாவட்டக் கோயிலில் தாலி கட்டி முடிப்பது நடக்கிறது. எனவே அந்தப் பெண் குழந்தைகள் நலக் குழு முன் ஒருமுறை போவதும், பள்ளியில் ஒரு ஆசிரியை தினமும் அவள் வந்தாளா என்று பார்ப்பதும், ஒரு நாள் வராவிட்டாலும் அன்றே தெரிவிப்பதும் அவசியம். வீட்டில் இருக்க முடியாத நிலை என்றால் அரசு விடுதியில் ஆண்டு நடுவிலும் இடம் கேட்கலாம்.

பெற்றோரிடம் பேசுகிறவர்கள் சட்டத்தை மட்டும் பேசினால், 18 முடிந்த மறுநாளுக்கு நாள் குறிப்பார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரியோ பாலிடெக்னிக்கோ சேர்ந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் படிப்பு முடியும்வரை மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும். தொழிற்கல்வியில் அரசுப் பள்ளி மாணவருக்கு 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. இவற்றைச் சொல்லுங்கள். ‘ஊர்ப் பேச்சு’ என்ற பயம்தான் அடியில் இருக்கிறது என்றால், அதே ஊரில் படித்து நர்ஸாக, ஆசிரியையாக இருக்கும் பெண்ணின் அம்மாவைப் பேச வையுங்கள். அதிகாரி பேச்சுக்கு அங்கே அந்த எடை இல்லை.

*

நன்றாகப் படிக்கும் பையன் திடீரென்று வருவதில்லை. வீட்டில் பிரச்சினை இல்லை, உடம்புக்கும் ஒன்றுமில்லை. கேட்டால் வாய் திறப்பதில்லை.
– மேல்நிலைப் பள்ளி ஆசிரியர், தென் மாவட்டம்

நன்றாகப் படிக்கிறவன் காரணமில்லாமல் நின்றால், சக மாணவர்களைப் பற்றி விசாரியுங்கள். 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது இதுதான். சாதி சொல்லி உடன்படிக்கும் மாணவர்கள் கொடுத்த தொல்லையால் ஒரு பட்டியலினப் பிளஸ் டூ மாணவர் பள்ளிக்கு வராமல் இருந்தார். பள்ளி கேட்டபோது விஷயம் வெளியே வந்தது. புகார் கொடுத்தது தெரிந்து அந்த மாணவர்களே வீடு புகுந்து அவரையும் தங்கையையும் அரிவாளால் வெட்டினார்கள். அதற்குப் பிறகுதான் மாணவர்களிடையே சாதி மோதலைத் தடுக்க வழி சொல்ல ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழு அமைந்து, 2024 ஜூனில் அறிக்கை தந்தது.

பள்ளி விசாரித்தது சரிதான். நாம் படித்துக்கொள்ள வேண்டியது அதற்கு அடுத்த கட்டத்தை. புகார் எழுத்தில் வந்த நிமிடத்திலிருந்து கொடுத்தவருக்குப் பாதுகாப்பு வேண்டும். இரு தரப்பையும் ஒரே அறையில் நிறுத்தி ‘கை குடுங்கடா’ என்று சமாதானம் செய்யாதீர்கள். அப்படிச் செய்தால் யார் சொன்னது என்று தெரிவித்ததாகத்தான் ஆகும். தொல்லை கொடுத்தவர்களைத் தனித்தனியாக, வெவ்வேறு நேரத்தில், ‘பல பேர் சொன்னாங்க’ என்ற அடிப்படையில் கேளுங்கள். பாதிக்கப்பட்டவனின் இடத்தை மாற்றாதீர்கள், மற்றவர்களை மாற்றுங்கள். பேருந்து நிறுத்தம், சைக்கிள் ஸ்டாண்ட், கழிப்பறை ஆகிய மூன்று இடங்களிலும் இரண்டு வாரம் ஓர் ஆசிரியர் நிற்கட்டும். சாதி வன்மம் என்று தெரிந்தால் அதைப் ‘பசங்க சண்டை’ என்று பதிவேட்டில் எழுதாதீர்கள்.

*

ஏழாம் வகுப்பு மகனுக்குத் தமிழே வாசிக்க வரவில்லை. வயிற்றுவலி என்று தினமும் மட்டம். டிஸ்லெக்சியாவாக இருக்குமா?
– ஒரு தந்தை, காஞ்சிபுரம்

வாசிப்பதில் வரும் அந்தக் கற்றல் குறைபாடு இருக்கலாம். ஆனால் அவசரப்பட்டு அந்தப் பெயரை ஒட்டாதீர்கள். இப்போது நடுநிலை வகுப்புகளில் இருக்கும் பிள்ளைகள் எழுத்துப் படிக்க வேண்டிய வயதில், கொரோனாவால் 2020 மார்ச்சில் மூடிய பள்ளிகள் 1 முதல் 8 வரையான வகுப்புகளுக்கு 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அந்தப் பள்ளத்தை அப்படியே சுமந்து வருகிறவர்கள் நிறையப் பேர்.

முதலில் கண்ணும் காதும் பரிசோதியுங்கள். அப்புறம் இரண்டாம் வகுப்புப் பாடத்தில் ஐந்து வரி வாசிக்கச் சொல்லி எங்கே தடுக்குகிறது என்று குறியுங்கள். எழுத்து தெரிகிறது, கொம்போ துணைக்காலோ சேர்ந்தால் (கெ, கொ, கை) தடுமாறுகிறான் என்றால் அது விட்டுப்போன பாடம். தினமும் 20 நிமிடம், ஒரே ஆள், மூன்று மாதம் உட்கார்ந்தால் பிடித்துவிடலாம். இரண்டாம் வகுப்புப் புத்தகத்தை நண்பர்கள் முன் கையில் கொடுக்காதீர்கள், மானம் போய்விடும். கிரிக்கெட் செய்தித் தலைப்பு, பேருந்துப் பலகை, கடைப் பெயர் போதும். வகுப்பில் எழுப்பி நிறுத்தி வாசிக்கச் சொல்ல வேண்டாம் என்று ஆசிரியரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்றுவலி பாதி அதில் போய்விடும்.

மூன்று மாதம் விடாமல் செய்தும் நேற்றுப் படித்த எழுத்து இன்று புதிதாகவே தெரிகிறது என்றால், அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கற்றல் குறைபாட்டுக்கான பரிசோதனை செய்யுங்கள். சான்றிதழ் கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் ஒரு மணி நேரம், சொல்வதை எழுதுபவர், ஒரு மொழிப்பாட விலக்கு ஆகியவற்றைத் தலைமையாசிரியர் வழியாகக் கேட்கலாம். இதை ஒன்பதாம் வகுப்பிலேயே தொடங்க வேண்டும். பத்தாம் வகுப்பு ஜனவரியில் ஓடுகிறவர்களுக்குத் தாள் வருவதற்குள் பரீட்சை வந்துவிடுகிறது.

*

ஐந்து மாதம் கழித்து ஒரு மாணவியைத் திரும்பக் கொண்டுவந்தோம். பத்தே நாளில் மறுபடி நின்றுவிட்டாள். எங்கே தவறு?
– எட்டாம் வகுப்பு ஆசிரியை, ராமநாதபுரம் மாவட்டம்

அநேகமாக முதல் நாளிலேயே. திரும்பி வந்த பிள்ளையைக் காலை வணக்கக் கூட்டத்தில் நிறுத்திக் கைதட்ட வைப்பது, ‘வந்துட்டாங்க மகாராணி’ என்று வகுப்பில் சொல்வது, இரண்டுமே அவளைத் தனியாக்கும். வருவதற்கு முந்தின நாள் மாலையே வரச் சொல்லி வகுப்பையும் அவள் உட்காரும் இடத்தையும் காட்டிவிடுங்கள். பக்கத்தில் உட்காரப் போகும் தோழியை அவளே தேர்ந்தெடுக்கட்டும். சீருடையும் புத்தகமும் அன்றே கையில் இருக்க வேண்டும். ‘அடுத்த வாரம் வரும்’ என்றால் அந்த ஒரு வாரம் அவள் வேடிக்கைப் பொருளாகிவிடுவாள்.

காகிதத்துக்காகத் திருப்பி அனுப்பாதீர்கள். மாற்றுச் சான்றிதழ் வரத் தாமதம், பிறப்புச் சான்று இல்லை, ஆண்டு நடுவில் வந்தாள் என்ற எதையும் காட்டிச் சேர்க்கையை மறுக்கக்கூடாது என்று கல்வி உரிமைச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. மாணவர் விவரங்களை வைத்திருக்கும் அரசின் இணையப் பதிவான எமிஸில், எந்தப் பள்ளியிலும் இல்லாதவர்களின் பொதுத் தொகுப்பில் அவள் பெயர் கிடந்தால் பழைய எண்ணைத் தேடி எடுத்து அதிலேயே சேருங்கள். புது எண் போட்டால் நாளைக்கு உதவித்தொகை சிக்கும். வயதுக்கேற்ற வகுப்பில் சேர்ப்பதும், விட்ட பாடத்துக்குச் சிறப்புப் பயிற்சி தருவதும் அதே சட்டத்தில் இருக்கின்றன.

முதல் இரண்டு வாரம் வீட்டுப்பாடம், தேர்வு, கேள்வி எதுவும் வேண்டாம். ஐந்து மாதப் பாடத்தையும் நோட்டில் எழுதி முடி என்று சொல்லவே சொல்லாதீர்கள். இடையில் பலர் நிற்பதற்கு அது ஒன்றே காரணமாக இருக்கிறது. கணக்கிலும் ஆங்கிலத்திலும் இப்போதைய பாடத்துக்கு வேண்டிய அடிப்படையை மட்டும் மாலையில் அரைமணி நேரம் சொல்லிக்கொடுங்கள். யார் அவளுடைய ஆள் என்று ஒரு ஆசிரியையைப் பெயர் குறித்து நியமியுங்கள். அவர் தினமும் முதல் மணிக்குள் அவள் வந்தாளா என்று பார்க்க வேண்டும், வராவிட்டால் பத்து மணிக்குள் வீட்டுக்கு போன் போக வேண்டும். அம்மாவின் எண் மட்டும் போதாது. வேலைக்குப் போன அம்மா எடுக்கமாட்டார். பாட்டி, சித்தி, பக்கத்து வீடு என்று இன்னொரு எண்ணும் வாங்கி வையுங்கள்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவான, பல நாடுகளில் பின்பற்றப்படும் ஒரு முறையில் ஒரே பெரியவர் ஒரு மாணவரோடு குறைந்தது இரண்டு ஆண்டுகள் இருப்பார். நம் பள்ளிகளில் இடமாற்றக் கலந்தாய்வு வந்தால் ஆசிரியை போய்விடுவார். அதனால் தொடக்கத்திலிருந்தே இரண்டு பேராக இருங்கள், ஒருவர் உள்ளூர்க்காரராக இருக்கட்டும். உங்கள் மாணவி இரண்டாம் முறை நின்றதால் கதை முடிந்துவிடவில்லை. இந்த வாரம் போய், அந்தப் பத்து நாளில் எந்த நாள் காலையில் முதலில் வயிற்றைக் கலக்கியது என்று அவளிடமே கேளுங்கள்.